பாஸ்புக்கில் ஒரு கார்

மாமனாரின் பாஸ்புக்கில் ஒரு கார் நிற்கிறது.
சின்னக் கார். வெளிர்மஞ்சள். எஞ்சின் பின்பக்கம்.
நூல் ஆலையில் இருமிக்கொண்டே
மாதாமாதம் முன்பணம் கட்டினார்.
ஏழு வருடம், ஒரு தவணை தவறவில்லை.
கார் வரவேண்டிய வருடம்
விலைகளுக்குக் கால் முளைத்தது.
கட்டியதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு
வூச் நகரின் பெரிய தெருவுக்குப் போனவர்
மாமியாருக்கு ஒரு ஜோடி குளிர்காலப் பூட்ஸோடு வந்தார்.
அதுவும் காலைக் கடித்தது.

“அளந்துதான் போட்டார் அப்பா,” என்பான் ஸெனோன்.
“படிதான் சுருங்கிப் போச்சு.”

அதனால் என் கணவன் காகிதத்தை நம்புவதில்லை.
குளியல் தொட்டிக்குப் பின்னால் ஒரு கல் பெயர்ந்து வரும்.
அதன் உள்ளே காபி டப்பா,
டப்பாவுக்குள் நோட்டுச் சுருள்,
சுருளுக்கு ஒரு ரப்பர் பேண்ட்.
வங்கி என்று நான் வாயெடுத்தால்
தங்கையின் பெயரைச் சொல்வான்.
கலினா ஒல்ஷ்டினில் வீடு வாங்கியவள்,
வட்டி மலிவென்று சுவிஸ் ஃபிராங்கில் கடன்.
ஒரு ஜனவரி வியாழக்கிழமை
எங்கோ மலைநாட்டில் யாரோ கையெழுத்துப் போட,
இங்கே இவளுடைய கடன் ஒரே காலையில் ஊதிப்போனது.
சுவிட்சர்லாந்தை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

நான் டிராம் ஓட்டுகிறேன், பதினெட்டு வருடமாக.
டிராமை ஒடித்துத் திருப்ப முடியாது.
குறுக்கே குழந்தை வந்தாலும் நாய் வந்தாலும்
தண்டவாளம் போகிற இடத்துக்குத்தான் போகும்.
செய்யக்கூடியது ஒன்றே:
தூரத்திலேயே பார்த்து
பிரேக்கில் கால் வைப்பது.
எனக்கு இப்போது ஐம்பத்தொன்று.
முட்டி மழைக்கு முன்பே மழையைச் சொல்கிறது.

ஒரு ஞாயிறு, முள்ளங்கி சூப் ஆறிக்கொண்டிருக்க,
பழைய ரசீது ஒன்றை மேசையில் வைத்தேன்.
ஜன்னல்காரன் ஆறு வருடத்துக்கு முன் எழுதிய விலை:
நாலு ஜன்னல், ஆறாயிரம் ஸ்வோட்டி.
பக்கத்தில் போன வாரம் அதே ஆள் எழுதியது.
“டப்பாவை எடு,” என்றேன். எண்ணினான்.
ஆறாயிரம். ஒரு நோட்டும் குறையவில்லை.
“இப்போ எத்தனை ஜன்னல்?”
பென்சிலால் கணக்குப் போட்டான்.
இரண்டரை.
“அரை ஜன்னலை எந்தச் சுவரில் வைப்பே?”

பேசவில்லை.
“உங்கப்பா பாஸ்புக்கைத் தின்ற எலிதான்
இந்த டப்பாவுக்குள்ளேயும் இருக்கு, ஸெனோன்.
சத்தம் போடாமல் தின்னுது, அவ்வளவுதான்.”

பால்கனிக்குப் போய் ஒரு சிகரெட் முடித்தான்.
இன்னொன்றும் முடித்தான்.
திரும்பி வந்து, “மூணு மாசம்,” என்றான்.
மூன்று மாதச் செலவு கல்லுக்குப் பின்னாலேயே இருக்கும்.
அதில் நான் கை வைக்கக்கூடாது.
மிச்சத்தை உன் இஷ்டம்.

மிச்சம் அரசுப் பத்திரமானது.
பத்து வருடத்துக்கு.
முதல் வருடம் இவ்வளவு என்று எழுதியிருக்கிறது,
பிறகு விலைவாசி எவ்வளவோ அதற்கு மேல் கொஞ்சம்.
கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான்.
இதை வைத்து யாரும் கடற்கரையில் பங்களா கட்டியதில்லை.
சம்பளம் வந்த மறுநாள் மூன்று பத்திரம்,
நூறு, நூறு, நூறு.
டிசம்பரில் இரண்டுதான் முடிந்தது.
பேத்திக்கு ஸ்கேட்ஸ்.

பிப்ரவரியில் அவன் கடைவாய்ப் பல் வெடித்தது.
ஆயிரத்து நானூறு.
கன்னம் வீங்க, குளியலறைத் தரையில் மண்டியிட்டு
கல்லைப் பெயர்த்தான்.
பத்திரத்தை உடைக்கவில்லை, யாரிடமும் கைநீட்டவில்லை.
பாதி வாயால் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான்.
“பாத்தியா, டப்பா!” என்பது போலிருந்தது.
இருக்கட்டும். டப்பாவும் சரிதான்.

முதிர்வு வரும்போது எனக்கு அறுபத்தொன்று.
அதற்குள் என்ன நடக்குமோ, எனக்குத் தெரியாது.
அரசாங்கங்களையும் நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

பத்திரத்தின் அச்சுப் பிரதியை
இழுப்பறையில் பாஸ்புக்குக்கு மேலே வைத்தேன்.
ராத்திரி ஸெனோன் எழுந்துபோய்
அதை எடுத்துத் தையல் பெட்டியில் வைத்துவிட்டு வந்தான்.
“ரெண்டையும் ஒண்ணா வைக்காதே,” என்றான் இருட்டில்.
“அது இதுக்குத் தாவிடும்.”